முன்னறையில் பாதி

நான் அப்போது அந்த வீட்டு மாடியில் குடியிருந்தேன். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். கீழே ரொட்டிக்காரர் குடும்பம். காலை ஏழு மணிக்கு அவர் பேக்கரியிலிருந்து திரும்பிச் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். ஏழரைக்கு முன்னறையில் அவர் தங்கையின் தையல் மிஷின் ஓடத் தொடங்கும். எட்டு மணிக்கு நடு அறையில் அவருடைய குறட்டை. மிஷினும் குறட்டையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் மதியம்வரை போட்டி போடும்.

ரொட்டிக்காரரின் மனைவியைத் தங்கை அண்ணி என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு நான், பால்காரர், தெருமுனைக் கடைக்காரர் எல்லாருக்குமே அவர் அண்ணி ஆகிவிட்டார். அண்ணிக்கு மில்லிங் வேலை. இரும்புத் துண்டை மிஷின் மேஜையில் இறுக்கிப் பிடித்து, மேலே சுழலும் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பள்ளமும் படியும் எடுக்கிற வேலை. பம்ப் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தார். இருநூறு ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பொம்பிளை ஆப்பரேட்டர். அளவு துளி பிசகினாலும் துண்டைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று அங்கே அவருக்கு 'மில்லிமீட்டர்' எனப் பட்டப்பெயர்.

தங்கை தையல்காரி. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பாள். கழுத்தில் எந்நேரமும் துணி டேப் தொங்கும். அவளுக்கு எல்லாமே அங்குலக் கணக்கு. தெருவில் போகிற ஆளைப் பார்த்தே "முப்பத்தெட்டு இஞ்ச் மார்பு, தோள் கொஞ்சம் சரிவு" என்பாள்.

"வீட்டுல ஒரு மில்லிமீட்டர், ஒரு இஞ்ச்" என்பார் ரொட்டிக்காரர். "மாவு நிறுக்கிற நான் கிராம். எங்களுக்குள்ள எப்படிங்க ஒத்துவரும்?"

ஆனால் ஒத்துத்தான் வந்தது, பம்ப் கம்பெனி மில்லிங் பிரிவை மூடும்வரை. அண்ணி வீட்டில் உட்கார்ந்து ஏழு மாசம் ஆயிற்று. முதல் மாசம் வீட்டிலிருந்த கதவுக் கீல்களையெல்லாம் கழற்றிச் சரிசெய்தார். இரண்டாம் மாசம் என் வீட்டுக் கீல்கள். அதன்பின் செய்ய ஒன்றுமில்லாமல் பாத்திரங்களைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது மாசம் ஒரே வாரத்தில் இரண்டு சேதி வந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரம் போகவேண்டிய ஊரிலிருந்து இரும்பு அச்சுகள் செய்யும் ஓர் அச்சுக் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. விடுதியில் தங்கிக்கொள்ளலாம், அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரவேண்டும். உள்ளூரில் இரண்டு பட்டறைக்காரர்கள், "வீட்டுல ஒரு மிஷின் மட்டும் போட்டுடுங்க, வாரம் முழுக்க வேலை நாங்க குடுக்கறோம்" என்றார்கள். அண்ணிக்கு இரண்டாவதுதான் ஆசை. கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த தொகைக்குள் ஒரு மிஷின் வாங்கிவிடவேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் சண்டை பிடித்துக்கொண்டது.

அன்று தூறல். மாடிப்படியில் என் செருப்பு நனைகிறது என்று எடுக்க இறங்கியவனை ரொட்டிக்காரர் உள்ளே இழுத்து உட்காரவைத்தார். சண்டைக்கு நடுவில் ஒரு வெளியாள் இருந்தால் சத்தம் குறையும் என்று அவருக்கு ஒரு கணக்கு. கையில் டீயும் முந்தின நாள் ரொட்டியை வாட்டிய துண்டும் கொடுத்தார்கள்.

"பின்னால கொட்டகை இருக்குல்ல அண்ணி, அதுல போடுங்க" என்றாள் தையல்காரி.

"அங்க வெளியில நிக்கிறதைவிட உள்ளதான் மழை ஜாஸ்தி. ரெண்டே நாள்ல துரு ஏறிடும்."

"சமையல்கட்டு?"

"அப்புறம் அடுப்பை எங்க வைக்கிறது, உங்கண்ணன் தலையிலயா? கனத்தைத் தாங்குற தரை முன்னறையிலதான் இருக்கு. நல்ல வெளிச்சமும் அங்கதான்."

"வெளிச்சம் எனக்கு வேணாமா? அண்ணி, என் துணி அத்தனையும் வெள்ளை. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாப் போச்சு. உங்க இரும்புச் சீவல் ஒண்ணு காலர்ல ஏறி, டாக்டர் நோயாளி முன்னாடி கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னா, அடுத்த ஆர்டர் எனக்கு வருமா?"

"ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்" என்றார் ரொட்டிக்காரர்.

"நீங்க பேசாம இருங்க" என்றார் அண்ணி. "நீ சும்மா இரு அண்ணே" என்றாள் தங்கை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. அவர் எனக்கு இன்னொரு துண்டு ரொட்டி வைத்தார்.

கடைசியில் தையல்காரி ஒரு படி இறங்கி வந்தாள். சின்னதாக, சுத்தமாக, ஓர் ஓரத்தில் அடங்குகிற மாதிரி இருந்தால் யோசிக்கலாம். ஆனால் பார்க்கப் போகும்போது அவளும் கூட வருவாள். "தனியா விட்டா நீங்க பாட்டுக்கு யானையைப் பிடிச்சுட்டு வந்துருவீங்க" என்றாள். வண்டி என்னுடையது என்பதால் நானும் அந்த ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டேன்.

முதலில் போனது புது மிஷின்கள் விற்கிற கடை. கண்ணாடி அலமாரி, மெழுகு போட்ட தரை. மேஜை மேல் வைக்கிற நீல நிற மிஷின் ஒன்றை விற்பனைக்காரர் காட்டினார். அறுபது கிலோ. இரண்டு ஆள் தூக்கிவிடலாம். தையல்காரிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இதுதான் அண்ணி. அடக்கமா, அழகா இருக்கு. மூலையில வெச்சு மேல ஒரு துணியைப் போத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

விற்பனைக்காரர் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மாட்டி ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. அண்ணி கைப்பையைத் திறந்தார். சீப்பு எடுக்கிறார் என்று நினைத்தேன். ஓர் இரும்புத் துண்டை எடுத்து நீட்டினார்.

"இதுல ஓட்டுங்க."

"மேடம், இது வந்து..."

"ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும்."

கட்டர் இரும்பைத் தொட்டதுதான் தாமதம், மிஷினுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. மேஜை நடுங்கியது. பக்கத்தில் இருந்த எண்ணெய்க் குப்பி தானாகவே நடந்து விளிம்புக்குப் போனது. விழப்போகும் நேரத்தில் தையல்காரி அதைப் பிடித்தாள். அண்ணி துண்டைக் கழற்றி நகத்தால் வருடிப் பார்த்தார். வரிவரியாக இருந்தது.

"பிளாஸ்டிக்குக்கு நல்ல மிஷின்தான் தம்பி. எனக்கு வர்றது இரும்பு" என்றார். அதே கடையில் இதைவிடக் கனமான மிஷின் ஒன்றும் இருந்தது. விலைச் சீட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அண்ணி அதன் பக்கம் போகவில்லை.

வண்டியில் திரும்பும்போது தையல்காரி தானாகவே சொன்னாள். "எனக்கும் புரியுதுண்ணி. லேசான தையல் மிஷின்ல தடிச்ச துணி வெச்சா இப்படித்தான் குதிக்கும். கனம் வேணும்."

"ஆமா. கனம் இருந்தாத்தான் அதிர்வை முழுங்கும்."

"ஆனா ரொம்ப வேணாம்."

அடுத்தது மூடிய தொழிற்சாலை ஒன்றின் முற்றம். பழைய மிஷின்களை ஏலத்துக்கு முன்னால் பார்க்கவிட்டார்கள். புல் முளைத்த சிமெண்டுத் தரையில், தகரக் கூரைக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது ஒரு பெரிய மில்லிங் மிஷின். பச்சைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்து போயிருந்தது. அண்ணி மேஜையில் கை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். கைப்பிடியைச் சுற்றினார். அவ்வளவு பெரிய மேஜை ஒரு விரல் அழுத்தத்துக்கு நகர்ந்தது. அண்ணியின் முகத்தில் ஏழு மாசமாக நான் பார்க்காத ஒரு களை வந்தது.

"இதே கம்பெனி மிஷின்லதான் நான் வேலை கத்துக்கிட்டேன்" என்றார். விலை? இரும்பு விலைதான். பெரிது என்பதால் யாரும் கேட்கவில்லை.

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அகலத்தை அளந்தாள். "நாப்பத்திமூணு இஞ்ச். நம்ம வாசக்கதவு முப்பத்தொண்ணு."

"கனம் ஆயிரம் கிலோவாம். என் வண்டியே முக்கால் டன்தான் தாங்கும்" என்றேன் நான்.

"மூணு ஃபேஸ் கரண்ட் வேணும். நம்ம வீட்டுல இருக்கறது ஒண்ணு" என்றார் அண்ணி. அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. கைப்பிடியை இன்னொரு தடவை சுற்றி மேஜையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, "சரி, போலாம்" என்றார்.

வண்டியில் திரும்பினோம். பாலம் ஏறி இறங்கியபின் அண்ணி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் அந்த ஊருக்கே போயிடறேன் தம்பி. மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போனாப் போச்சு. பாவம், அவ பதினோரு வருஷமா நிமித்தின தொழில். அதைக் கெடுக்கக் கூடாது."

நடுவில் உட்கார்ந்திருந்த தையல்காரி டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மறுநாள் காலை தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. எதையோ இழுக்கிற சத்தம் மட்டும். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன்னறையில் மூன்று தையல் மிஷின்களும் வலதுபக்கச் சுவரோடு ஒட்டி நின்றன. தையல்காரி முட்டிபோட்டுத் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் தரையில் நெட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"நூத்தி இருவது இஞ்ச் அறை. ஆளுக்கு அறுவது. இது உங்க நாடு, இது என் நாடு. நடுவுல கனமா ஒரு திரை தைச்சுப் போட்டுடறேன். உங்க மிஷினோட வாலும் தும்பிக்கையும் கோட்டைத் தாண்டக் கூடாது. சம்மதமா?"

"இப்ப எதுக்குடி..."

"சம்மதமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அண்ணி துப்பட்டாவில் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மேஜை ரெண்டு பக்கமும் நகரும். மிஷின் அகலம் மட்டும் பாத்தாப் போதாது. அது கையை நீட்டுறதுக்கும் சேத்து இடம் வேணும்" என்றார்.

"எவ்வளவு நீட்டும்? நடந்து காட்டுங்க."

அண்ணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இடமும் வலமுமாக நண்டு மாதிரி நடந்து காட்டினார். தையல்காரி விரல் நுனி போகிற இடமெல்லாம் சாக்பீஸால் குறி வைத்தாள். அப்போது வாசலில் பேப்பர் போட வந்த ஆள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேப்பரைப் போடாமலே போய்விட்டார்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. பகலெல்லாம் மில்லிங் மிஷின் ஓடினால் ரொட்டிக்காரர் எப்படித் தூங்குவார்? தையல்காரி உள்ளே போய் அவர் தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். குறட்டை நிற்கவில்லை. பித்தளை வாளியைப் போட்டாள். புரண்டு படுத்தார். அண்ணி ஒரு சுத்தியலை எடுத்துவந்து கட்டில் காலுக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டை நாலு அடி அடித்தார். எனக்கே காது அடைத்தது. அவருக்குக் குறட்டை இன்னும் சுருதி சேர்ந்தது. அப்போது தையல்காரி குனிந்து மெதுவாக, "அண்ணே, ரொட்டி கருகுது" என்றாள். மனுஷன் துள்ளி எழுந்து வாசல்வரை ஓடி, சுவரில் முட்டிக்கொண்டு நின்று, "எந்த அடுப்பு?" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பில் சமையலறையில் பால் பொங்கி வழிந்ததே யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது மிஷினைக் கண்டுபிடித்தது நான். அந்த வாரம் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சாமான் ஏற்றப் போயிருந்தேன். வயசாகி, வைத்தியத்தை விட்டுவிட்டு, மகள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்குக் குடிபோகிறார். கார் நிறுத்தும் அறையில் பட்டறை வைத்து, கையடக்கமான ரயில் எஞ்சின்கள் செய்வது அவர் பொழுதுபோக்கு. அங்கே நின்றது சாம்பல் நிறத்தில் ஒரு மில்லிங் மிஷின். நூற்றுத்தொண்ணூறு கிலோ. கட்டர் சுழலும் தலையைத் தனியாகக் கழற்றலாம். வீட்டுக் கரண்டே போதும்.

"விக்கிறதுதான். ஆனா எல்லாருக்கும் இல்ல" என்றார் டாக்டர். "முந்தாநாள் ஒருத்தர் வந்து, ஓட்டை போட மட்டும் வேணும்னார். இன்னொருத்தர் எத்தனை கிலோ தேறும்னு கேட்டார். போயிட்டு வாங்கன்னுட்டேன்."

அண்ணியையும் தையல்காரியையும் அடுத்த நாளே கூட்டிப் போனேன். போகிற வழியில் தையல்காரி நாற்பது கோட்டுக்கான வெள்ளைத் துணியைச் சந்தையில் உருளையாக வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா ஓட்டப்போறீங்க?"

"ஆமாங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ரம்பத்தால் கோணல்மாணலாக அறுத்த ஓர் இரும்புக் கட்டையைக் கையில் கொடுத்தார். "இதுல ரெண்டு பக்கத்தை எனக்குச் செங்கோணமா எடுத்துக் காட்டுங்க."

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கைப்பையிலிருந்து, முடியளவு பிசகையும் முள்ளில் காட்டும் டயல் கேஜைத் துணி பிரித்து எடுத்தார். உடனே கட்டையை மாட்டவில்லை. கேஜை மிஷின் தலையில் பொருத்தி மேஜையைத் தடவிப் பார்த்தார், தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மிஷினை வெறுமனே ஓடவிட்டுக் காதைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கேட்டார். பிறகு கட்டையை இறுக்கி, கட்டரை இறக்கினார்.

சத்தம் சீராக இருந்தது. நடுக்கம் இல்லை. கட்டரிலிருந்து சின்னச் சின்னச் சுருளாக இரும்பு விழுந்தது. வெள்ளையாக விழுந்தது கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோல் நிறத்துக்கு மாறியது. அண்ணியின் இடது கை மேஜையை நகர்த்த, வலது கை தூரிகையால் எண்ணெய் தொட்டுவிட, இரண்டும் தனித்தனி ஆள் மாதிரி வேலை செய்தன. ஒரு தடவைகூட அவர் கைப்பிடியைத் தேடிப் பார்க்கவில்லை. தையல்காரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பதினெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம் வண்டியண்ணே" என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். "இவங்க வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல."

டாக்டர் கட்டையை வாங்கி மூலைமட்டத்தை வைத்து, விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. வேறொரு மூலைமட்டத்தை எடுத்துவந்து வைத்தார். அதிலும் தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"இருங்க டாக்டர்" என்றாள் தையல்காரி. எழுந்து போய் மிஷினின் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டினாள். "இதுல ஆட்டம் இருக்கே. இவ்வளவு தூரம் சும்மா சுத்துது, அப்புறம்தான் மேஜை நகருது. தையல் மிஷின்ல இப்படி இருந்தா நான் தொடவே மாட்டேன்."

டாக்டர் முகம் சுருங்கியது. பல்லில் சொத்தையைக் கண்டுபிடித்துப் பழகியவர், தன் மிஷினில் ஒருத்தி கண்டுபிடித்ததும் தானும் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "இருக்கு. நானும் சரி பண்ணணும்னு பாத்தேன்."

அண்ணி நாத்தனாரை ஓரமாக இழுத்தார். "ஏய், அது எல்லா மிஷின்லயும் உள்ளதுதான். உள்ள ஒரு நட்டை இறுக்கினாப் பாதி போயிடும். மிச்சத்துக்குக் கை பழகிடும்."

"அது உங்களுக்குத் தெரியும் அண்ணி. விலையைப் பேசறது நான்."

பேசினாள். விலையில் கொஞ்சம் இறங்கியது. கட்டையைப் பிடிக்கிற கனமான வைஸ் ஒன்று சும்மாவே சேர்ந்தது. கட்டர்கள் அடுக்கிய ஒரு மரப்பெட்டியும் சேர்ந்தது. "உங்ககிட்ட பல்லைப் பிடுங்கக் குடுத்த மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டர். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று நான் கயிற்றை எடுக்கப் போனபோது அண்ணி இரும்பு டேப்பை எடுத்து, மேஜையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டி, கைப்பிடி நுனிவரை அளந்தார். முகம் விழுந்துவிட்டது.

"ஆயிரத்து ஐந்நூத்தி முப்பது மில்லிமீட்டர்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அறுவது இஞ்ச்னா ஆயிரத்து ஐந்நூத்தி இருவத்திநாலு. ஆறு மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டுது."

"ஆறு மில்லிமீட்டரா? ஒரு தையல் பிரிக்கிற இடம் அது. வந்துட்டுப் போகட்டும்."

"வேணாம். சொன்னா சொன்னதுதான். இன்னிக்கு ஆறு, நாளைக்கு அறுவது. அப்புறம் உனக்கும் எனக்கும் மனஸ்தாபம் வரும். எனக்கு மிஷினைவிட அது பெருசு."

"நகருங்க, நான் அளக்கறேன்." தையல்காரி துணி டேப்பை நீட்டி அளந்தாள். "அம்பத்தொம்பதே முக்கால். கால் இஞ்ச் மிச்சமே இருக்கு. உங்களுக்குக் கண் சரியில்ல."

"எனக்கா கண் சரியில்ல?"

"பின்ன எனக்கா?"

டாக்டர் வந்து நடுவில் நின்றார். இரண்டு டேப்பையும் வாங்கி மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். துணி டேப்பின் அறுபதாவது கோடு, இரும்பு டேப்பின் அறுபதைத் தாண்டி அரை அங்குலம் தள்ளி நின்றது. வருஷக்கணக்காகக் கழுத்தில் தொங்கி, இழுபட்டு, டேப் நீண்டுவிட்டிருந்தது.

தையல்காரி தன் டேப்பைக் கையில் எடுத்தாள். "அப்ப நான் தைச்ச கோட்டெல்லாம்?"

"ஆளை வெச்சு அளந்து தைச்சதெல்லாம் சரியாத்தான் இருக்கும். ரெண்டு அளவும் ஒரே டேப்தானே" என்றார் அண்ணி. "சைஸ் அட்டையைப் பாத்து ஆஸ்பத்திரிக்குத் தைச்சதுதான்..."

"அதான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில எல்லா டாக்டரும் தொளதொளன்னு திரியறாங்களா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

தையல்காரிதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "சரியா சாப்பிடறதில்ல, இளைச்சுக்கிட்டே போறாங்கன்னு கோட்டைப் பாத்து நானா நெனச்சுக்குவேன்."

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "இரு இரு. அறையையும் நீ இந்த டேப்லதானே அளந்தே? அப்ப நம்ம அறை நூத்தி இருவது இல்ல, நூத்தி இருவத்தொண்ணு. ஆளுக்கு அறுவதரை. ஆயிரத்து ஐந்நூத்தி முப்பத்தேழு." நிமிர்ந்து பார்த்தார். "ஏழு மில்லிமீட்டர் மிச்சம்."

"நான்தான் சொன்னேன்ல, அடங்கும்னு" என்றாள் தையல்காரி.

தலையைத் தனியாகக் கழற்றி, பலகை சரித்து, உருளைக் குழாய் வைத்து உருட்டி ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் கயிற்றின் முடிச்சையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பியபோது கார் அறையின் காலி இடத்தில் நின்று கை காட்டினார். "பத்து நாள் கழிச்சு வந்து பாப்பேன்" என்றார். சொன்னபடி வந்தார், அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்த தார்ப்பாய் நடுவில் கிழிசல். பளபளவென்று எண்ணெய் பூசிய மேஜை திறந்து கிடந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினோம். அண்ணி தன் துப்பட்டாவை எடுத்து மேஜை மேல் விரித்தார். அது கால்வாசிக்குக்கூடக் காணவில்லை.

தையல்காரி வண்டிக்குள் கையை விட்டு வெள்ளைத் துணி உருளையை இழுத்தாள். நான், "ஏம்மா, அது கோட்டுத் துணி" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. உருளையை உருட்டி உருட்டி மிஷினைச் சுற்றினாள், மூன்று சுற்று, நாலு சுற்று. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மூலைகளை உள்ளே செருகினாள். அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். வெள்ளைத் துணியில் எண்ணெய் கறுப்பாக ஊறிப் பரவுவது எங்கள் கண்ணெதிரே தெரிந்தது.

"போச்சு" என்றார் அண்ணி.

"மூணு கோட்டுத் துணி போச்சு. இன்னும் முப்பத்தேழு இருக்கு" என்றாள் அவள். "துணி நனைஞ்சாக் காயும். இது நனைஞ்சா என்னாகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

மிஷின் முன்னறைக்குள் வந்தபோது ரொட்டிக்காரர் விழித்திருந்தார். வாசலில் பலகையை அவரும் பிடித்தார். கட்டையை வைத்து உயர்த்தி, சமமாக இருக்கிறதா என்று நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் போல்ட் அடித்து இறுக்க இரண்டு நாள் ஆயிற்று. மேஜையைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார்கள். கைப்பிடி நுனி கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு சுண்டுவிரல் நகம் அளவு தள்ளி நின்றது. எண்ணெய் ஊறிய துணியை இரட்டையாக மடித்துத் தையல்காரி நடுவில் திரையாகத் தொங்கவிட்டாள். திரை பாதி நேரம் ஒதுக்கியேதான் இருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை.

முதல் வேலை என் வண்டியினுடையது. சக்கரம் வழுக்காமல் பிடிக்க ஆப்பு செருகுவதற்கு ஒரு தண்டில் சாவிப் பள்ளம் எடுக்கவேண்டியிருந்தது. பட்டறைக்காரர்களின் வேலை மூட்டையும் வந்து மூலையில் காத்திருந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். மழை விட்டு ஜன்னலில் நல்ல வெயில். நடு அறையில் குறட்டை. நான் வாசற்படியில் உட்கார்ந்து, ரொட்டிக்காரர் எனக்கென்று எடுத்து வைத்திருந்த சூடான பன்னைத் தின்றுகொண்டிருந்தேன். அண்ணி கையெல்லாம் எண்ணெயாக, கட்டருக்குக் கீழே குனிந்திருந்தார். இந்தப் பக்கம் தையல்காரி புது டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் போன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. அண்ணி நிமிரவில்லை. தையல்காரி எட்டி எடுத்தாள். அச்சுக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. வர முடியாது என்று தகவல் சொல்லியிருந்தாராம், உண்மைதானா, இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே, அவரிடம் ஒரு நிமிஷம் பேச முடியுமா என்று கேட்டார் அந்த மேனேஜர்.

தையல்காரி திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பள்ளம் பாதி ஆகியிருந்தது. சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப முடியாதுங்க. அண்ணி வேலையில இருக்காங்க" என்றாள்.

"அப்படியா? எந்தக் கம்பெனியில?"

"எங்க கம்பெனியிலதான். ஒரு மணிக்கு மேல கூப்பிடுங்க, சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, காலரை ஊசிக்கடியில் செருகி மிஷினை மிதித்தாள்.